இடுப்புக்கு இங்கிலீஷ்ல என்ன சொல்றது டீச்சர்?

போன இதழ்ல "உடம்பு, தோற்றம் பத்தின இங்கிலீஷ் வார்த்தைல என்ன சந்தேகம் இருந்தாலும் எழுதுங்க"ன்னு கேட்டிருந்தேன். கடிதம், மெயில், வாட்ஸ்அப்னு நிறைய வந்திருக்கு, எல்லாத்துக்கும் இங்க இடம் பத்தாது, அதனால வார்த்தை தெரியாம நிஜமாவே கஷ்டப்பட்டவங்க கேள்வியை முதல்ல எடுத்துக்கிட்டேன்.

கேள்வி: எங்கம்மாவுக்கு மூணு மாசமா இடுப்பு வலி. தம்பி பெங்களூருல இருக்கறதால அங்க ஒரு ஆஸ்பத்திரில காட்டினோம். டாக்டருக்குத் தமிழ் தெரியல, நான்தான் "ஹிப் பெயின்"னு சொன்னேன். அவர் அம்மாவைப் படுக்க வச்சு தொடையை மடக்கித் திருப்பிப் பாத்துட்டு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார், எல்லாம் நார்மல்னு வந்துச்சு. வெளிய வந்ததும் அம்மா "எனக்கு வலிக்கிறது பின்னாடி, அவரு ஏன் தொடையைப் போட்டு முறுக்குனாரு"ன்னு கேட்டாங்க. நான் தப்பா சொல்லிட்டேனா டீச்சர்?
- மதுரை வாசகி

பதில்: மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்கம்மா, டிக்‌ஷனரில இடுப்புன்னு தேடினா ஹிப்னும் போட்டிருக்கும் வெய்ஸ்ட்னும் போட்டிருக்கும், நீங்க அதுல ஒண்ணை எடுத்துச் சொன்னீங்க. ஆனா டாக்டர் காதுல அது வேற இடமா விழுந்திருச்சு. இங்கிலீஷ்ல ஹிப் ஜாயின்ட்னா தொடை எலும்போட உருண்டைத் தலை இடுப்பெலும்புல இருக்கற குழிக்குள்ள போய் உக்காருற மூட்டு, அந்த மூட்டுல கோளாறுன்னா வலி பெரும்பாலும் முன்பக்கம் தொடை இடுக்குலதான் தெரியும், அதனாலதான் அவர் தொடையை மடக்கிப் பாத்தார். அம்மாவுக்கு வலிக்கிற இடம், அதாவது முதுகுத்தண்டு முடியற பக்கம், நாம கையை ஊனிக்கிட்டு "அப்பாடா"ன்னு நிமிர்ற இடம், அதுக்குப் பேரு லோயர் பேக். "ஷி ஹேஸ் லோயர் பேக் பெயின்"னு சொல்லியிருந்தா நேரா அங்க போயிருப்பார்.

நம்ம இடுப்புங்கற ஒரே சொல் எத்தனை வேலை பாக்குதுன்னு பாருங்க. டெய்லர் டேப்பை வச்சு இடுப்பு அளவு எடுத்தா அது வெய்ஸ்ட், விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவுல ஒடுங்கி இருக்கற சுத்து. குழந்தையை இடுப்புல தூக்கி வச்சிருக்கோம்னா அங்க அது ஹிப். குனிஞ்சு தண்ணிக்குடம் தூக்கும்போது இடுப்பு பிடிச்சுக்கிச்சுன்னா லோயர் பேக். நிறைமாச கர்ப்பிணிக்கு இடுப்பு வலி எடுத்துருச்சுன்னா அது எந்த இடமும் இல்ல, லேபர் பெயின். நாம சூழலை வச்சு டக்குனு புரிஞ்சுக்கறோம், தமிழ் தெரியாத டாக்டருக்கு அந்தச் சூழல் தெரியாது.

கை கால்லயும் இதே கதைதான், இதைப் பல பேர் கவனிக்கறதே இல்ல. தோள்லேருந்து விரல் நுனி வரைக்கும் நமக்குக் கை. இங்கிலீஷ்ல மணிக்கட்டுக்கு இந்தப் பக்கம் ஹேண்ட், அந்தப் பக்கம் தோள் வரைக்கும் ஆர்ம், அதுலயும் முழங்கைக்குக் கீழ ஃபோர்ஆர்ம், மேல அப்பர் ஆர்ம். கணுக்காலுக்குக் கீழ ஃபுட், மேல லெக். "கால் வீங்கியிருக்கு"ன்னா பாதமா கெண்டைக்காலான்னு டாக்டருக்குத் தெரியணும்ல, ரெண்டுக்கும் அவர் யோசிக்கற காரணமே வேறயா இருக்கலாம். வயிறும் அப்படித்தான், நமக்கு மார்புக்குக் கீழ எல்லாமே வயிறு, டாக்டர் பாஷைல ஸ்டமக்னா இரைப்பை மட்டும், முழு வயித்துப் பகுதிக்கும் அப்டமன். தொப்புளுக்குக் கீழ வலின்னா லோயர் அப்டமன்னு சொல்லுங்க. அடுத்த தடவை வார்த்தை நினைவுக்கு வரலன்னா எதையும் தேடாதீங்க, அம்மா கையை வலிக்கிற இடத்துலயே வைக்கச் சொல்லி "இட் ஹர்ட்ஸ் ஹியர்"னு மட்டும் சொல்லுங்க, அதுல தப்பு நடக்க வழியே இல்ல.

கேள்வி: என் டிசில அங்க அடையாளம்னு "எ மோல் ஆன் த லெஃப்ட் ஹேண்ட்"னு எழுதியிருக்கு. ஆனா மச்சம் இருக்கறது முழங்கைக்கு மேல. இப்ப வேலைக்கு அப்ளிகேஷன் போடறேன், எதை எழுதறது?
- திருநெல்வேலி வாசகர்

பதில்: தம்பி, பழைய சர்டிபிகேட்ல என்ன இருக்கோ அதையே எழுதிடுங்க, ஒரு பேப்பர்ல ஒண்ணும் இன்னொரு பேப்பர்ல வேறயும் இருந்தாதான் கேள்வி வரும். மாத்தணும்னா முதல்ல ஸ்கூல்ல கேட்டு அங்க மாத்திட்டு வாங்க.

இந்தக் கேள்வி என்னை ரொம்ப யோசிக்க வச்சுது, ஏன்னா நானே வருஷா வருஷம் பிள்ளைங்களை வரிசையா நிக்க வச்சு, சட்டைக் கையை மடிச்சு விட்டு மச்சம் தேடி ரெக்கார்டுல எழுதியிருக்கேன். ஒரு கிளாஸ்ல பாதிப் பேருக்கு "மோல் ஆன் த ரைட் ஹேண்ட்"தான். ஒருத்தரை இன்னொருத்தர்கிட்டேருந்து பிரிச்சுக் காட்டத்தானே அடையாளம், அதுவே எல்லாருக்கும் ஒண்ணா இருந்தா என்ன பிரயோஜனம்? இனிமே எழுதப்போற டீச்சர்ஸும் சரி, குழந்தையைச் சேர்க்கப்போற அம்மா அப்பாவும் சரி, கொஞ்சம் நுணுக்கமா எழுதுங்க. "எ மோல் ஆன் த லெஃப்ட் அப்பர் ஆர்ம்", "எ ஸ்கார் அபவ் த ரைட் ஐப்ரோ", "எ மோல் ஆன் த பேக் ஆஃப் த லெஃப்ட் ஹேண்ட்"னு. இந்தக் கடைசியா சொன்னதுதான் நம்ம புறங்கை, உள்ளங்கைன்னா பாம்.

மச்சம்னா மோல், தழும்புன்னா ஸ்கார், பிறக்கும்போதே இருக்கற படர்ந்த நிற அடையாளம் பர்த்மார்க். மருன்னு நாம சொல்றதுல ரெண்டு வகை இருக்கு, சொரசொரப்பா கெட்டியா இருக்கறது வார்ட், கழுத்துல அக்குள்ல சின்னதா தொங்கற சதை ஸ்கின் டேக். பரு இருந்தா அடையாளமா எழுதாதீங்க, ரெண்டு வாரத்துல போயிடும். அப்புறம் இடது வலதுன்னா அந்தப் பிள்ளையோட இடது வலது, எதிர்ல நிக்கற நம்மளோடது இல்ல. இதுல நிறைய ரெக்கார்டு தலைகீழா இருக்கறதை நான் பாத்திருக்கேன்.

கேள்வி: கைவிரல் மொத்தம் பத்துன்னு சொன்னேன், என் பொண்ணு "எங்க மிஸ் எட்டு ஃபிங்கர், ரெண்டு தம்ப்னு சொன்னாங்க"ன்னு சண்டை போடறா. யார் சொல்றது சரி?
- ஈரோடு வாசகர்

பதில்: ரெண்டு பேரும் சரி. இங்கிலீஷ்ல கட்டைவிரலை ஃபிங்கர் கணக்குல சேர்த்தும் சொல்வாங்க, தனியா தம்ப்னு பிரிச்சும் சொல்வாங்க. பியானோ கத்துக்கறவங்களுக்கு கட்டைவிரல்தான் ஒண்ணாம் நம்பர் ஃபிங்கர். ஆனா கால்விரலை மட்டும் ஃபிங்கர்னு சொல்லிடாதீங்க, அது டோ.

கேள்வி: உடம்பு உறுப்பு ஸ்பெல்லிங் எல்லாத்துலயும் சத்தமே வராத எழுத்து ஒண்ணு உக்காந்திருக்கு, டிக்டேஷன்ல மார்க் போகுது. ஏன் அப்படி எழுதறாங்க?
- ஓசூர், ஒன்பதாம் வகுப்பு மாணவி

பதில்: நல்ல கேள்வி கண்ணு, இதைச் சும்மா மனப்பாடம் பண்ணுன்னு சொல்லி விடறது எனக்குப் பிடிக்காது. முழங்காலுக்கு "நீ", விரல் மொளிக்கு "நக்கிள்", ரெண்டுலயும் முதல்ல ஒரு கே இருக்குல்ல, பழைய காலத்துல இங்கிலீஷ்காரங்க அதை நிஜமாவே "க்னீ"ங்கற மாதிரி சொல்லிக்கிட்டுதான் இருந்தாங்க. 17ஆம் நூற்றாண்டு வாக்குல சத்தம் போயிருச்சு, எழுத்து மட்டும் நின்னுருச்சு. ஜெர்மன்காரங்க இன்னைக்கும் முழங்காலை "க்னீ"ன்னு கே-யோடதான் சொல்றாங்க. ரிஸ்ட்ல முதல்ல வர்ற டபிள்யூவும் அப்படித்தான், ஒரு காலத்துல அதுக்கும் சத்தம் இருந்துச்சு.

தம்ப் கதை நேர்மாறு. முதல்ல அந்த வார்த்தைல பி-யே கிடையாது, பின்னாடி வந்தவங்க சேர்த்தது. கை காலுக்கு லிம்ப்னு சொல்றோமே, அதோட பி-யும் அப்படி ஒட்டினதுதான். தசைக்கு மஸில், நடுவுல ஒரு சி சும்மா நிக்குதுல்ல, அது லத்தீன்ல சுண்டெலிங்கற அர்த்தத்துல வர்ற சொல்லுலேருந்து வந்தது. கையை மடக்கினா புஜத்துல ஏறி இறங்கற சதையைப் பாத்து எலி ஓடற மாதிரின்னு யாருக்கோ தோணியிருக்கு. இப்படி நினைச்சுக்கோ, சி மறக்காது. கெண்டைக்கால் சதைக்கும் கன்னுக்குட்டிக்கும் ஒரே ஸ்பெல்லிங், காஃப், எல் சத்தம் வராது. நெற்றிப்பொட்டுக்கும் கோயிலுக்கும் ஒரே சொல், டெம்பிள், ஆனா ரெண்டும் லத்தீன்ல வேற வேற சொல்லுலேருந்து வந்து கடைசில ஒரே உருவமா நிக்குது.

எழுத்தை விட எனக்குக் கவலை உச்சரிப்புலதான். சின்னுன்னா மோவாய், ஷின்னுன்னா முழங்காலுக்குக் கீழ முன்பக்கம் எலும்பு தட்டுப்படுமே அந்த இடம். நம்மள்ல பல பேர் ரெண்டையும் ஒரே மாதிரி சொல்றோம். ஸ்கூல்ல விழுந்து அடிபட்டு டீச்சர் போன்ல வீட்டுக்குச் சொல்றப்ப முகத்துலயா கால்லயான்னு தெரியாம வீட்ல பதறிப்போவாங்க. வாய்விட்டுப் பத்து தடவை மாத்தி மாத்திச் சொல்லிப் பழகு.

கேள்வி: பொண்ணுக்கு வரன் பாக்கறோம். அமெரிக்காவுல பிறந்து வளர்ந்த பையன். எங்க புரோக்கர் எழுதிக் கொடுத்த பயோடேட்டாவுல "ஃபேர், ஹோம்லி, ஸ்லிம்"னு இருக்கு. அந்தப் பையன் "ஹோம்லின்னு ஏன் போட்டிருக்காங்க"ன்னு வருத்தமா கேட்டானாம். அதுல என்ன தப்பு?
- திருச்சி வாசகி

பதில்: பையன் வருத்தப்பட்டது நியாயம்தாம்மா. நாம ஹோம்லின்னா குடும்பப் பாங்கானவன்னு நினைக்கறோம், அமெரிக்க இங்கிலீஷ்ல ஹோம்லின்னா பாக்க லட்சணமில்லாதவன்னு அர்த்தம். உங்க பொண்ணைப் பத்தி நீங்களே அப்படி எழுதியிருக்கீங்களேன்னு அவனுக்குத் தோணியிருக்கும். உடனே எடுத்துடுங்க. வீட்டு மனுஷங்களோட ஒட்டுதலா இருப்பான்னு சொல்லணும்னா "ஃபேமிலி ஓரியன்டட்"னு எழுதலாம்.

இப்படி இங்க ஒரு அர்த்தம், அங்க ஒரு அர்த்தம்னு இன்னும் சிலது இருக்கு. நம்ம ஊர்ல "நல்ல பர்சனாலிட்டி"ன்னா ஆளு வாட்டசாட்டமா இருக்கார்னு அர்த்தம், இங்கிலீஷ்ல பர்சனாலிட்டின்னா குணம். கொஞ்சம் சதைப்பிடிப்பா இருந்தா நாம "ஹெல்தியா இருக்கா"ன்னு சொல்றோம், அங்க ஹெல்தின்னா நோய் இல்லாம இருக்கான்னு மட்டும்தான். ஸ்லிம்னா ஒல்லியா அழகா இருக்கறது, அதே ஒல்லியை ஸ்கின்னின்னு சொன்னா எலும்பும் தோலுமான்னு குத்தற மாதிரி ஆயிடும், தின் நடுவுல நிக்கும். குண்டுங்கறதுக்கு ஃபேட்னு நேரா சொல்றது அங்க ரொம்ப மரியாதைக் குறைவு. வீட்டிஷ்னு மேட்ரிமோனியல்ல போடறோமே, கோதுமை நிறம்னு, அது இந்திய இங்கிலீஷ், வெளிநாட்டுல பல பேருக்குப் புரியாது.

இன்னொண்ணு, நீங்க கேக்கல, ஆனா சொல்லாம இருக்க மனசு வரல. அந்த ஃபேர்ங்கற சொல்லையும் எடுத்துடுங்கம்மா. 1975லேருந்து விக்கிற ஃபேர் அண்ட் லவ்லி க்ரீம்காரங்களே 2020ல பேர்லேருந்து ஃபேரை எடுத்துட்டு க்ளோ அண்ட் லவ்லின்னு மாத்திட்டாங்க. ஃபோட்டோ அனுப்பப்போறீங்க, அவன் பாத்துக்கட்டும். அந்த இடத்துல உங்க பொண்ணு என்ன படிச்சிருக்கா, எதுல ஆசையா இருக்கான்னு ரெண்டு வரி எழுதுங்க.

கேள்வி: "அவ எப்படி இருப்பா"ன்னு கேக்கறதுக்கு "ஹவ் இஸ் ஷி"ன்னு கேட்டேன், "ஷி இஸ் ஃபைன்"னு பதில் வந்துச்சு. எப்படிக் கேக்கணும்?
- சேலம் வாசகர்

பதில்: நீங்க கேட்டது சௌக்கியமான்னு. ஆள் பாக்க எப்படின்னா "வாட் டஸ் ஷி லுக் லைக்", குணம் எப்படின்னா "வாட் இஸ் ஷி லைக்". பதில் சொல்றப்ப "ஷி இஸ் ஹேவிங் லாங் ஹேர்" வேண்டாம், "ஷி ஹேஸ் லாங் ஹேர்" போதும், தலைமுடி எத்தனை அடர்த்தியா இருந்தாலும் ஹேர்தான், ஹேர்ஸ்னா உதிரியா நாலு முடி. நீளம், வடிவம், நிறம்னு இந்த வரிசைல அடுக்குங்க: லாங் கர்லி பிளாக் ஹேர். கண்ணுக்கு மட்டும் பிளாக் போடாதீங்க. பிளாக் ஐன்னா அடி வாங்கிக் கன்னிப்போன கண்ணு, நம்ம கருவிழியை அவங்க டார்க் பிரவுன்னுதான் சொல்வாங்க.

கேள்வி: நர்ஸ், லண்டன் வேலைக்கு ஓஇடி, அதாவது மருத்துவத் துறைல இருக்கறவங்களுக்கான இங்கிலீஷ் தேர்வுக்குப் படிக்கறேன். புஸ்தகத்துல இருக்கற உறுப்புப் பேரு எல்லாம் தெரியும். ஆனா அங்க பேஷன்ட் பேசறது புரியாதுன்னு போன சீனியர்ஸ் பயமுறுத்தறாங்க.
- நாகர்கோவில் வாசகி

பதில்: பயப்படாதம்மா, சீனியர்ஸ் சொல்றது உண்மைதான் ஆனா ஒரு வாரத்துல பழகிடும். உன் ஸ்பீக்கிங் டெஸ்ட்ல சுமார் 20 நிமிஷத்துல ரெண்டு ரோல்பிளே, அதுல எதிர்ல இருக்கறவங்க பேஷன்ட்டாவோ கூட வந்தவங்களாவோ பேசுவாங்க. அப்டமன்னு நீ படிச்சிருப்ப, பெரியவங்களே அங்க "டம்மி"ன்னுதான் சொல்வாங்க. பிட்டத்துக்கு "பம்". மூத்திரம் போறதுல பிரச்சினைன்னா வயசானவங்க வெக்கப்பட்டுக்கிட்டு "மை வாட்டர்வொர்க்ஸ்"னு சொல்லுவாங்க, குடிதண்ணி சப்ளைன்னு நினைச்சுடாத. மலத்துவாரத்துக்கு "பேக் பேசேஜ்". "பேட் செஸ்ட்"னா நெஞ்சுவலி இல்ல, பெரும்பாலும் இருமல் சளி. "எ ஃபன்னி டர்ன்"னா திடீர்னு தலைசுத்தி மயக்கம் வந்த மாதிரி ஆனது, அதைக் கேட்டா சிரிக்காத, உடனே கவனி. "பூர்லி"ன்னா உடம்பு சரியில்லன்னு அர்த்தம்.

நம்ம ஊர்லயும் வயசான அம்மாக்கள் "அங்க வலிக்குது"ன்னுதானே சொல்றாங்க, நீ புரிஞ்சுக்கறல்ல, அதே கூச்சம்தான் அவங்களுக்கும். அவங்க டம்மின்னு சொன்னா நீயும் டம்மின்னே கேளு, ஃபைல்ல மட்டும் அப்டமன்னு எழுது.

கேள்வி: அப்பாவுக்கு 74 வயசு. அவர் வலியைச் சொல்ற விதமே தனி. கடுக்குது, குடையுது, விண்ணு விண்ணுன்னு தெறிக்குது, சுரீர்னு இழுக்குது, நமநமங்குதுன்னு சொல்றார். நான் டாக்டர்கிட்ட எல்லாத்துக்கும் "பெயின்"னு ஒரே வார்த்தை சொல்லிட்டு வர்றேன். அப்பாவுக்குக் கோவம் வருது.
- ஹைதராபாத்தில் இருக்கும் வாசகி

பதில்: இந்த மாசம் வந்ததுலயே எனக்கு ரொம்பப் பிடிச்ச கேள்வி இதுதான். அப்பா கோவப்படறது நியாயம், அவர் அஞ்சு விஷயம் சொல்றார், டாக்டருக்கு ஒண்ணுதான் போய்ச் சேருது. வலி எந்த மாதிரின்றது டாக்டருக்குப் பெரிய துப்பு. கனடாவுல மெக்கில் யூனிவர்சிட்டில ரொனால்ட் மெல்சாக்னு ஒருத்தர் 1975ல வலியைச் சொல்ற வார்த்தைகளை மட்டும் தொகுத்து ஒரு கேள்வித்தாளே போட்டார், 78 சொல், 20 கூட்டமா பிரிச்சு. அப்பா சொல்றதுக்கெல்லாம் கிட்டத்தட்ட அதுல இடம் இருக்கு.

விண்ணு விண்ணுன்னா த்ராபிங், நாடி அடிக்கற மாதிரி விட்டு விட்டு வர்றது. சுரீர்னு ஒரு இடத்துலேருந்து இன்னொரு இடத்துக்கு ஓடுச்சுன்னா ஷூட்டிங், ஒரே இடத்துல கத்தியால குத்தற மாதிரின்னா ஸ்டேபிங். குடையுதுன்னா உள்ள துளை போடற மாதிரி, அதுக்கு நாயிங் அல்லது போரிங். கடுக்குதுன்னா விடாம மந்தமா வலிக்கறது, டல் ஏக். எரியுதுன்னா பர்னிங். நமநமங்கறது கொஞ்சம் கஷ்டம், ஊசி குத்தற மாதிரி இருந்தா டிங்லிங், சொறியணும்போல இருந்தா இட்ச்சி, அப்பாகிட்ட எதுன்னு கேட்டுக்கோங்க. மரத்துப்போச்சுன்னா நம், கடைசில ஒரு பி உண்டு, சத்தம் வராது. கெண்டைக்கால் ராத்திரில இழுத்துப் பிடிச்சா க்ராம்ப், சுளுக்குன்னா ஸ்ப்ரெய்ன். "மை லெக் இஸ் பெயினிங்"னு சொல்றதை விட "மை லெக் ஹர்ட்ஸ்"னு சொல்லுங்க, அது எங்க போனாலும் புரியும். முழங்கையை எங்கயாவது இடிச்சுக்கிட்டு கரண்ட் அடிச்ச மாதிரி இருக்குன்னார்னா அந்த இடத்துக்கு ஃபன்னி போன்னு பேரு, பேருலதான் எலும்பு, இடிபடறது அந்தப் பக்கமா போற நரம்பு.

நெஞ்சு விஷயத்துல மட்டும் ஜாக்கிரதையா இருங்க. சாப்பிட்டப்புறம் நெஞ்சு கரிக்குதுன்னா இங்கிலீஷ்ல ஹார்ட்பர்ன், பேருல ஹார்ட் இருந்தாலும் இதயத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல, இரைப்பை அமிலம் மேல ஏறி வர்றது. ஆனா நெஞ்சை அழுத்தற மாதிரி, இறுக்கிப் பிடிக்கற மாதிரி இருந்து, வேர்த்துக் கொட்டி, வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவுதுன்னா கரிப்பா வலியான்னு வார்த்தை தேடிட்டு உக்காராதீங்க, உடனே 108க்கு போன் பண்ணுங்க.

மத்த நாள்ல ஒரு சின்ன நோட்டு போடுங்க. அப்பா சொல்ற தமிழ்ச் சொல்லை அவர் சொன்னபடியே எழுதி, பக்கத்துல எந்த இடம், எந்த நேரம், அப்புறம் இங்கிலீஷ் சொல்லுன்னு எழுதி வச்சுக்கோங்க. டாக்டர் ரூமுக்குள்ள போறதுக்கு முன்னாடி அப்பாகிட்ட ஒரு தடவை படிச்சுக் காட்டி, சரிதானான்னு கேட்டுட்டு அப்புறம் உள்ள போங்க.